கடைச் சோறும் கடைக்காரர் சொல்லும்

(விழா மேடையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'உணவும் ஒழுக்கமும்' என்னும் பொருளில் எனக்கு விருப்பமான ஒரு கூற்றை எடுத்துப் பேசுமாறு விழாக்குழுவினர் பணித்தனர். இப்பொருளில் பேசுவோர் பெரும்பாலும் வீட்டு அடுக்களையில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுவர். வெளியுணவு என்று வந்தால், 'அதைத் தவிர்ப்பதே நன்று' என்னும் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வர். நான் அந்த ஒரு வரிக்குள்தான் இன்று நுழையப் போகிறேன். காரணம், நான் திருச்செந்தூர்க்காரி. எங்கள் ஊர் வழிப்போக்கர்களின் ஊர். கடற்கரையில் முருகன் கோயில். நாள்தோறும் பேருந்திலும் தொடர்வண்டியிலும் நடைப்பயணமாகவும் வந்து இறங்கும் மக்கள். ஐப்பசியில் கந்த சஷ்டி வந்துவிட்டால் மணற்பரப்பே தெரியாத அளவுக்குக் கூட்டம். இவர்கள் எல்லாரும் எங்கேனும் உண்டாக வேண்டும். வெளியுணவைத் தவிருங்கள் என்று அவ்வூரில் நின்று சொன்னால் ஊரில் பாதிப்பேர் பட்டினி கிடக்க நேரும்.

தமிழாசிரியை ஆகையால் சொல்லிலிருந்து தொடங்க எனக்கு உரிமை கொடுங்கள். சோற்றை விலைக்கு விற்பது தகாது என்று எண்ணிய காலம் நம்மிடையே இருந்தது. வழிநடப்போர்க்குச் சத்திரமும் சாவடியும் மடமும் இருந்தன. ஆயினும் பண்டம் சுட்டு விற்போர் மிகப் பழங்காலத்திலேயே இருந்துள்ளனர். மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மதுரை நகரின் இரவைக் காட்டும்போது, முதல் யாமம் கழிந்தபின் கடைகள் அடைபடுவதைச் சொல்கிறார். தேனடை போன்ற மெல்லிய அடைகளையும், உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகங்களையும் விற்ற கூவியர் களைத்து உறங்குவதையும் அங்கே காட்டுகிறார். பெரும்பாணாற்றுப்படையிலும் இக்கூவியர் வருகின்றனர். இன்று பேக்கரி என்பதற்கு 'அடுமனை' என்று பெயர்ப்பலகை எழுதுகிறோம். அடுதல் என்றால் சமைத்தல். அடுப்பு, அடுக்களை எல்லாம் அவ்வேரில் பிறந்தவை. நல்ல சொல்தான். ஆயினும் கூவியர் என்னும் சொல்லையே மீட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். அடுமனை இடத்தைச் சொல்கிறது. கூவியர் என்பது ஆளைச் சொல்கிறது. நான் இன்று பேச இருப்பதும் ஆளைப் பற்றியே.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சொல் உண்டு. அந்தி மயங்கியபின் கல் காயும் பரோட்டாக் கடைகளைத் தூத்துக்குடியில் 'நைட் கிளப்' என்று வழங்குவர். வெளியூரார் கேட்டால் திடுக்கிடுவர். அச்சொல்லில் ஒரு குற்றமும் இல்லை. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகமெங்கும் சிற்றுண்டிச்சாலைக்குக் 'காப்பி கிளப்பு' என்றே பெயர். பகலில் காப்பி கிளப்பு இருந்தால் இரவில் திறப்பது நைட் கிளப்தானே! அங்கே எண்ணெயில் பொரிந்த பரோட்டாவும் மேலே ஊற்றும் சால்னாவும் பெயர்பெற்றவை. சால்னா பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு. சைவம் உண்போர் 'குழம்பு வேண்டா, பரோட்டா மட்டும் போதும்' என்று சொல்லிவிட்டால் கவலையில்லை என்று நினைக்கின்றனர். சில கடைகளில் மாவு பிசையும்போதே முட்டை சேர்ப்பதுண்டு என்பதை அவர்கள் அறியார்.

ஓட்டல் என்னும் இடத்தை நான் ஏன் இவ்வளவு மதிக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த 1980களில் ஒரு பெண் தனியே சென்று உணவகத்தில் அமர்வது எளிதாக இல்லை. திரைச்சீலை தொங்கும் 'குடும்ப அறை' ஒன்று மூலையில் இருக்கும். குடும்பத்தோடு வராத பெண் அங்கும் அமரலாமா, பொதுவிடத்தில் அமரலாமா என்று எவர்க்கும் தெரியாது. தேர்வுத்தாள் திருத்தும் பணிக்கு வெளியூர் செல்லும் ஆசிரியைகள் நால்வர் ஐவராகச் சேர்ந்தே உள்ளே நுழைவோம். இது பெண்ணின் சங்கடம். இதனினும் கொடியது சாதியின் கொடுமை. ஒரே தேநீர்க் கடையில் ஒரு சாரார்க்குத் தனிக் குவளை வைத்த இரட்டைக் குவளை முறையை இங்குள்ள பெரியோர் கண்டும் கேட்டும் இருப்பீர்கள். 1950ஆம் ஆண்டு சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டம், தன் 15ஆம் பிரிவில், கடைகளுக்குள்ளும் பொது உணவகங்களுக்குள்ளும் செல்வதற்குச் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காட்டி எவரையும் தடுக்கலாகாது என்று எழுதியிருக்கிறது. ஒரு நாட்டின் தலையாய சட்டம் சோற்றுக் கடையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது என்றால், அந்த வாசற்படியில் எத்தனை பேர் தடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் இடம் நமக்குச் சும்மா கிடைத்ததன்று. ஆனால், எல்லாரும் அமரும் இடத்தில் எல்லாருடைய நோன்பும் ஒன்றாக இராது. அங்கேதான் என் கேள்வி பிறக்கிறது. முட்டை உண்பவரும் உண்ணாதவரும், கிழங்கு விலக்குபவரும் விலக்காதவரும், பொழுது சாய்ந்தபின் உண்பவரும் உண்ணாதவரும் ஒரு கடைக்குள் எவ்வாறு அச்சமின்றி அமர முடியும்?

எங்கள் கரையின் புகழ்பெற்ற தின்பண்டமாகிய மக்ரூனை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடிக்கு வந்தவர்கள் இதை வாங்காமல் திரும்பார். வெண்மையாகச் சிறு கோபுரம் போல் இருக்கும். வாயிலிட்டால் முதலில் நொறுங்கி அப்புறம் கரையும். பெயர் ஐரோப்பியப் பெயர். அங்கே வாதுமைப் பருப்பில் செய்தார்கள்; இங்கே முந்திரி அதன் இடத்தைப் பிடித்தது. அம்முந்திரியும் பிரேசில் நாட்டிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொணர்ந்த மரத்தின் காய்தான். செய்முறையில் பொருள்கள் மூன்றே. முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் பிரித்து, சருக்கரை சேர்த்து, நுரைத்துக் கெட்டிப்படும்வரை அடிப்பார்கள். அதில் முந்திரிப் பொடியைக் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, மிகக் குறைந்த சூட்டில் நெடுநேரம் வாட்டி எடுப்பார்கள். சூடு மிகுந்தால் நிறம் மாறிவிடும். பொறுமையே அதன் பக்குவம்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பண்டத்தில் மாவு இல்லை, நெய் இல்லை. அதை நிறுத்தி வைத்திருப்பதே முட்டைதான். ஆனால் கண்ணுக்கு முட்டை தெரியாது. மூக்குக்கும் முந்திரி மணமே எட்டும். பால்கோவாவைப் போலவும் தேங்காய் மிட்டாயைப் போலவும் வெள்ளை வெளேரென்று இருப்பதால், அறியாதவர் அதை ஐயமின்றி எடுத்து உண்பர்.

வகுப்பில் ஒருமுறை கூவியரைப் பற்றி நான் பாடம் சொன்னபோது, ஒரு மாணவன் எழுந்து, "எங்கப்பாவும் கூவியர்தான் டீச்சர்" என்றான். தந்தை தூத்துக்குடியில் ஒரு ரொட்டிக்கடையில் மாஸ்டர். மறுநாள் ஒரு பொட்டலம் மக்ரூன் கொண்டுவந்து வகுப்பு முழுவதற்கும் கொடுத்தான். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெண் கை நீட்டியபோது மட்டும் பொட்டலத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அவள் முகம் சுருங்கிவிட்டது. தனக்கு மட்டும் இல்லையா என்று நினைத்துவிட்டாள். அவன் என்னைப் பார்த்து, "இதுல முட்டை கெடக்கு டீச்சர், அவ வீட்டுல திங்கமாட்டாங்கள்லா" என்றான். அவன் சட்டைப்பையில் ஒரு கடலை மிட்டாய் இருந்தது. அவளுக்கென்றே வாங்கி வந்தது அது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் கண்டேன். ஊரையும் கடையையும் சொல்லேன். என்னோடு பணியாற்றிய மூத்த ஆசிரியை ஒருவர். முட்டையை அறவே விலக்கியவர். பயணத்தின் நடுவே ஓர் அடுமனையில் தேநீர் அருந்த அமர்ந்தோம். அவருக்காக நானே கேட்டேன்: "இந்தக் கேக்கில் முட்டை இல்லையே?" விற்பனையில் நின்ற இளைஞர் கைப்பேசியினின்று தலை தூக்காமலே "இல்லை" என்றார். பாதி உண்டபின், உள்ளிருந்து வந்த மற்றொருவர் என் கேள்வியைக் கேட்டிருந்தவர் போல, "அது முட்டை கேக் ஆச்சே" என்றார். ஆசிரியை ஒரு சொல்லும் கூறவில்லை. வாயைக் கொப்பளித்தார். கடையில் எவரையும் கடிந்துகொள்ளவும் இல்லை. மறுநாள் முழுதும் உண்ணாதிருந்தார் என்று பின்னரே அறிந்தேன். கடைக்காரருக்கு அது ஒரு துண்டுக் கேக்கின் விலை. அவருக்கு நாற்பது ஆண்டுக் காப்பு.

சட்டம் இல்லையா எனலாம். உண்டு. உறையிட்ட உணவுப் பண்டங்களுக்குச் சைவமெனில் பச்சை வட்டம், அசைவமெனில் பழுப்புக் குறி இட வேண்டும். முட்டை சேர்ந்ததும் அசைவக் கணக்கிலேயே வரும். முன்பு இரண்டுமே வட்டமாக இருந்தமையால் நிறம் பிரித்தறிய இயலாதவர்க்குத் தொல்லை இருந்தது. 2020ஆம் ஆண்டின் விதிமுறை அசைவக் குறியை முக்கோணமாக மாற்றியது. நல்ல மாற்றமே. ஆனால், கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டில் அடுக்கிய பண்டத்துக்கும், வாழையிலையில் விழும் பண்டத்துக்கும் உறை ஏது? குறியை எங்கே ஒட்டுவது? நம் தெருக்கோடிக் கடைகளில் கடைக்காரரின் வாய்ச்சொல்லே குறி. பச்சை வட்டமும் அதுவே, பழுப்பு முக்கோணமும் அதுவே.

இங்கே தங்கள் சமயம் போற்றும் நால்வகைத் தானங்களை நினைவூட்ட விரும்புகிறேன். ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம். ஓட்டல்காரர் சோற்றை விலைக்குத் தருகிறார்; ஆகவே அதை ஆகார தானம் என்று சொல்ல இயலாது. ஆனால், 'அம்மா, இது உங்களுக்கு ஆகாது' என்று அவர் சொல்லும் ஒரு சொல்லுக்கு அவர் விலை வாங்குவதில்லை. விற்பனை ஒன்றை இழந்துதான் அதைச் சொல்கிறார். அச்சொல் உண்பவர்க்கு அச்சம் நீக்குகிறது. அதை அபயத்தோடு சேர்க்கலாமா என்பதைத் தங்களுள் கற்றோர் முடிவு செய்யட்டும்.

விருந்தினரின் நோன்பை விருந்தளிப்பவர் அறிந்து நடப்பதற்குச் சிலப்பதிகாரத்தைக் காட்டிலும் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. சமண சமயத் துறவியாகிய கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகத் தருகிறார். மாதரியோ ஆயர்குலத்தவள், அவள் வழிபாடு வேறு, வழக்கம் வேறு. அங்கே, வந்திருப்போர் சாவக நோன்பியர் என்பதால் பகற்பொழுதிலேயே சமைப்பதற்கு உரிய நல்ல கலங்களைத் தாமதிக்காமல் தரவேண்டும் என்னும் பேச்சு எழுகிறது. ஆயர் மகளிர் கலங்களோடு பண்டங்களும் கொணர்கின்றனர். பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலியரிசி, ஆவின் பயன். பல ஆண்டுகள் இப்பகுதியை நடத்திய பின்னரே ஒன்று எனக்குப் புலப்பட்டது. அந்தப் பட்டியலில் ஒரு கிழங்கும் இல்லை! இளங்கோவடிகள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. பொருள்களை மட்டும் அடுக்கிவிட்டு மேலே செல்கிறார்.

ஆயர்பாடி வேறு, கூட்டம் நெரியும் ஓட்டல் வேறு என்பது உண்மையே. பகல் பன்னிரண்டரை மணிக்குச் சாம்பார் வாளியோடு ஓடும் சர்வரை நிறுத்தி, 'வெங்காயம் உண்டா, பூண்டு உண்டா, இந்தத் தோசைக்கல்லில் ஆம்லெட் போட்டீர்களா' என்று அடுக்கினால் அவர் என்ன செய்வார்? எதற்கும் 'இல்லை' என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போவார். பொய் சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணமன்று. நாம் எதை எதிர்பார்த்துக் கேட்டோமோ அதை எடுத்துத் தருகிறார், அவ்வளவுதான். என் ஆசிரியைத் தோழிக்கு நேர்ந்ததும் அதுவே. ஆகவே, கேட்பதிலும் ஓர் இலக்கணம் வேண்டும். அதற்கு நாம் வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. சமண முனிவராகிய பவணந்தியார் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்துத் தந்திருக்கிறார்.

கடையில் நாம் கேட்பது அறியா வினாவாக இருக்க வேண்டும். தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது. ஆனால் நாமோ பழக்கத்தால் 'முட்டை இல்லையே?' என்று விடையையும் உள்ளே வைத்துக் கேட்கிறோம். அதை விட்டு, 'முட்டை சேராத பண்டம் இங்கே எது?' என்று கேட்டுப் பாருங்கள். 'இல்லை' என்று தலையாட்டி அதற்கு விடை சொல்ல முடியாது. கடைக்காரர் ஒரு நொடி நின்று எண்ண வேண்டும். எண்ணியபின் அவர் விரல் நீட்டி, 'அந்தக் கோடித் தட்டு' என்பார், சுட்டு விடை. அல்லது, 'மக்ரூன் முட்டை இல்லாமல் வருமா அம்மா?' என்று நம்மையே கேட்பார். வினா எதிர் வினாதல். 'போன வாரம் ஒருவர் தெரியாமல் உண்டு வருந்தினார்' என்றால் உற்றது உரைத்தல். 'உண்டால் உங்கள் விரதம் கெடும்' என்றால் உறுவது கூறல். 'முட்டையில்லாக் கேக் உண்டா?' என்றதற்கு, 'கடலை மிட்டாய் உண்டு' என்பது இனமொழி. இவற்றுள் சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரான விடைகள். ஏனையவை வேறு வழியாக வந்து அதே பொருளைத் தருவன. ஓய்வு பெற்ற பின் நான் எங்கள் தெருக் கடைகளில் இவ்விடைகளைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வருகிறேன். எட்டும் கிடைத்துவிட்டன. மிகுதியாகக் கிடைப்பது இனமொழியே. வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப வணிகருக்கு மனம் வராது அல்லவா?

கேட்பவர் தொனியும் முக்கியம். 'இதையெல்லாமா விற்கிறீர்கள்?' என்னும் இகழ்ச்சி நம் குரலில் இருந்தால் உண்மை வெளிவராது. மக்ரூன் சுடுபவர் விடிய விடியக் கண்விழித்துச் செய்யும் தொழிலாளி. நாம் அதை உண்ணவில்லை என்பது நம் ஒழுக்கம், அவர் குற்றமன்று. கடைக்காரர் தம் பண்டங்களை நமக்காக மாற்ற வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். உள்ளதை உள்ளவாறு சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்பேன். எங்கள் ஊரில் இது கடினமும் அன்று. சஷ்டிக் காலத்தில் ஒருபொழுது உண்பவர், உப்பு நீக்கியவர், பழம் மட்டும் கொள்பவர் என எத்தனையோ நோன்பாளரைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். 'விரதம்' என்று ஒரு சொல் சொன்னால் கல்லாவில் இருக்கும் அண்ணாச்சியே எழுந்து அடுக்களைப் பக்கம் குரல் கொடுப்பார். சர்வரைக் கேட்பதைவிடச் சமைக்கும் மாஸ்டரைக் கேட்பது நன்று. கூட்டம் சேர்வதற்கு முன்னர்ச் சென்று கேட்பது இன்னும் நன்று.

இந்த அவையில் பலர் கழுகுமலைச் சமணச் சிற்பங்களைக் காண எங்கள் மாவட்டத்திற்கு வருகிறீர்கள். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் அப்பாறையில் அமர்ந்த தீர்த்தங்கரர்களைத் தொழுதுவிட்டு, அப்படியே கடற்கரைக்கும் வாருங்கள். வழியில் கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கலாம். 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. நிலக்கடலை மண்ணுக்குள் விளைந்தாலும் கிழங்கன்று, விதை. இதில் எனக்கும் என் தோழிக்கும் ஒருமுறை நீண்ட வாதம் நடந்து அவரே எனக்கு விளக்கினார். திருச்செந்தூருக்கு அருகில் உடன்குடி. அதன் பனங்கருப்பட்டிக்கு 2023இல் அக்குறியீடு கிடைத்தது. கருப்பட்டி இட்ட சுக்குக் காப்பியை எங்கள் ஊரில் அருந்தாமல் போகாதீர்கள்.

பொழுதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் தென்கோடியில் இருப்பதால் ஆண்டு முழுதும் மாலை ஆறு மணியை ஒட்டியோ, மிஞ்சினால் ஆறே முக்காலுக்குள்ளாகவோ கதிரவன் மறைந்துவிடும். நைட் கிளப்பில் கல் காய்வது அதன் பின்னரே. ஆகவே அது தங்களுக்கு உதவாது. சைவ உணவகங்களில் மாலை நான்கு மணிக்கெல்லாம் டிபன் தொடங்கிவிடும். இட்லியும் வடையும் சுடச்சுட அப்போதே கிடைக்கும். நேரே உள்ளே சென்று, 'வெளிச்சம் இருக்கும்போதே உண்டு முடிக்க வேண்டும், எங்களுக்கு ஆகக்கூடியது எது?' என்று கேளுங்கள். எட்டில் எந்த விடை வந்தது என்பதை எனக்கு ஓர் அஞ்சலட்டையில் எழுதினால் மகிழ்வேன்.